“எல்லாம் பையன் பார்த்துக்குவான்” என்கிறீர்களா?

“கம்ப்யூட்டரா? செல்போனா? அதெல்லாம் நமக்கெதுக்குப்பா... என் பையன் பார்த்துக்குவான்!”

ஐம்பதைத் தாண்டிய பல அம்மாக்களும் அப்பாக்களும் இதைப் பெருமையோடு சொல்வார்கள். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்பதுதான் என் கட்சி.

முதலில் ஒரு கணக்குப் போடுங்கள். உங்கள் வீட்டில் எத்தனை கம்ப்யூட்டர்? மேஜை மேல் இருப்பதை மட்டும் எண்ணாதீர்கள். தானாகத் துணி துவைக்கும் வாஷிங் மெஷினுக்குள் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கிறது. டிஜிட்டல் பி.பி. கருவியில் ஒன்று, சர்க்கரை பார்க்கிற குளுக்கோமீட்டரில் ஒன்று. செல்போனோ முழுக் கம்ப்யூட்டரேதான்! 1946-ல் அமெரிக்காவில் அறிமுகமான ‘எனியாக்’ கம்ப்யூட்டரின் எடை சுமார் 30 டன். பெரிய ஹாலையே அடைத்துக்கொண்டு நின்றது. அதைவிடப் பல மடங்கு வேகமான ஒன்றைத்தான் இன்று கைப்பையில் போட்டுக்கொண்டு கத்தரிக்காய் வாங்கப் போகிறோம்.

அப்படி என்ன மந்திரம் அதில்? ஒன்றுமில்லை. அதற்குத் தெரிந்தது 1, 0 என்ற இரண்டே எண்கள்தான். எழுத்து, படம், பாட்டு எல்லாவற்றையும் இந்த இரண்டாக மாற்றிக்கொண்டு, சொன்னதைச் சொன்னபடி படுவேகமாகச் செய்யும். தப்பாகச் சொன்னால் தப்பையும் அதே வேகத்தில் செய்துவிடும்!

வைத்தியத்தில் அது செய்திருக்கும் உபகாரம் கொஞ்சமல்ல. 1971-ல் லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையை சி.டி. ஸ்கேன் செய்தார்கள். பல கோணங்களில் எடுத்த எக்ஸ்-ரே அளவுகளைக் கம்ப்யூட்டர் கணக்குப் போட, மண்டையைத் திறக்காமலே உள்ளே இருப்பது படமாகத் தெரிந்தது. இதை உருவாக்கிய காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு டாக்டர் அல்ல, இன்ஜினீயர். ஆலன் கார்மாக்கோடு சேர்ந்து 1979-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றார்.

சரி, இதையெல்லாம் தெரிந்துகொண்டு நமக்கு என்ன ஆகப்போகிறது என்கிறீர்களா?

2002-ல் ரயில் டிக்கெட் இன்டர்நெட்டுக்கு வந்தது. 2014-ல் பென்ஷன்தாரர்களின் உயிர்வாழ் சான்றிதழ் வந்தது. 2016-ல் யு.பி.ஐ. வழியாகப் பணமே வந்துவிட்டது. இப்போது லேப் ரிப்போர்ட்டும் போனுக்குத்தான் வருகிறது. யார் போனுக்கு? பையன் போனுக்கு! அம்மாவின் சர்க்கரை அளவு பெங்களூரில் இருக்கிற பையனுக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது. அவன் மீட்டிங்கில் இருந்தால் அன்றைக்கு யாருக்குமே தெரியாது. சொந்த உடம்பு, சொந்தப் பணம் இரண்டுக்கும் இன்னொருத்தரைக் கேட்டு நிற்பது என்ன சௌகரியம்?

இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. “பாங்க்கிலேருந்து பேசறோம், பென்ஷன் நின்னுடும், ஓ.டி.பி. சொல்லுங்க” என்று ஒரு குரல் வரும். விஷயம் தெரியாதவர்கள்தான் பதறிப்போய்ச் சொல்லிவிடுகிறார்கள். இந்த மூன்றை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்:

பணம் வாங்குவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண் தேவையே இல்லை. அதைக் கேட்டாலே ஏமாற்று வேலை.

போனிலோ வீடியோவிலோ ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ செய்ய நம் நாட்டில் சட்டமே கிடையாது.

ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930-க்கு போன் செய்யுங்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அம்மா தடுமாறினால், “குடும்மா, நானே பண்றேன்” என்று போனைப் பிடுங்காதீர்கள். எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு விஷயம் போதும். நீங்கள் சும்மா பக்கத்தில் உட்காருங்கள். விரல் அவருடையதாக இருக்கட்டும். எந்தப் பட்டனுக்குப் பிறகு எது என்று நோட்டில் தமிழில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். ரகசிய எண்ணை மட்டும் எழுத வேண்டாம். நீங்கள் ‘அ, ஆ’ கற்றுக்கொள்ள எத்தனை நாள் எடுத்துக்கொண்டீர்கள், ஞாபகம் இருக்கிறதா?

“கண் கெட்டுடுமே?” என்று கேட்பீர்கள். திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் இமை கொட்டுவது குறைந்து கண் உலர்ந்து எரியும், வாஸ்தவம்தான். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தூரத்தில் இருப்பதை 20 விநாடி பாருங்கள். இமைகளைக் கொட்டுங்கள். அளவோடு வைத்துக்கொண்டால் பயமில்லை.

அதற்காக எல்லோரும் கற்றே தீர வேண்டும் என்று அடம்பிடிப்பதும் நியாயமில்லை. விரல் ரேகை தேய்ந்துபோன பெரியவர்கள் இருக்கிறார்கள், பார்வை மங்கியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக பாங்க்கிலும் ஆஸ்பத்திரியிலும் ஒரு கவுன்ட்டரும், அதில் பொறுமையாகப் பதில் சொல்ல ஒரு மனுஷரும் எப்போதும் இருக்க வேண்டும்.

ஆனால் உங்களால் முடியும் என்றால் தள்ளிப்போடாதீர்கள். பிரஷர் குக்கர் வந்த புதிதில் வெடித்துவிடும் என்று பயந்த வீடுகள்தானே நம்முடையவை? பழகிக்கொள்ளவில்லையா என்ன! வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் லேப் ரிப்போர்ட்டை நீங்களே திறந்து பாருங்கள். பையனுக்கு அதை நீங்கள் அனுப்பி வையுங்கள்!