பெட்டி தூக்கும் தம்பிகளைக் கவனியுங்கள்!

கையை நீட்டுகிறோம். ஊசி போட்டு ரத்தம் எடுக்கிறார்கள். பஞ்சை அழுத்திக்கொண்டு இட்லி சாப்பிடப் போய்விடுகிறோம்.

சாயந்திரம் ரிப்போர்ட் வருகிறது. சர்க்கரை இவ்வளவு, உப்பு இவ்வளவு என்று போட்டிருக்கிறது. டாக்டர் அதைப் பார்த்து மாத்திரை எழுதுகிறார்.

காலைக்கும் சாயந்திரத்துக்கும் நடுவில் அந்த ரத்தம் எங்கே போனது? யார் கொண்டு போனார்? எப்படிக் கொண்டு போனார்?

இதை யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

கரிசல் காட்டு தூரம்

எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர், கழுகுமலை, கயத்தாறு. எல்லாம் கோவில்பட்டியைச் சுற்றிய கரிசல் சீமை. ஊருக்கும் ஊருக்கும் நடுவில் பருத்திக் காடும் மிளகாய்க் காடும்தான்.

சாதாரண சோதனைகளைப் பக்கத்திலேயே செய்துவிடலாம். ஆனால் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர், கட்டியை வெட்டிப் பார்க்கும் சதைப் பரிசோதனை, இன்னும் பல பெரிய சோதனைகள் என்றால் பெரிய ஊருக்குத்தான் போக வேண்டும். எட்டயபுரத்திலிருந்து கோவில்பட்டி சுமார் 15 கிலோ மீட்டர். தூத்துக்குடி சுமார் 50. திருநெல்வேலி அதற்கும் மேல். மதுரை இன்னும் தூரம்.

நோயாளி அவ்வளவு தூரம் போக முடியாது. தீப்பெட்டி ஆபீசில் ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போச்சு. அதனால் ஆளுக்குப் பதில் அவர் ரத்தம் போகிறது. சளி போகிறது. சதைத் துண்டு போகிறது.

அதை எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்தான் சாம்பிள் கொண்டு போகிற "பையன்". பையன் என்றுதான் பெயர். பல பேருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருக்கும்!

நாலைந்து இடத்தில் வண்டியை நிறுத்தி டியூப்புகளை வாங்குவார். பெட்டியில் அடுக்குவார். பைக்கிலேயே போவார். இல்லாவிட்டால் பஸ்ஸைப் பிடிப்பார். "அண்ணாச்சி, ரெண்டு நிமிஷம் நில்லுங்க. இன்னும் ஒரு பார்சல் வரணும்" என்று கண்டக்டரிடம் கெஞ்சுவார்.

அவர் கையில் இருப்பது பார்சல் அல்ல. முப்பது நாற்பது பேருடைய வைத்தியம்!

126 எப்படி 105 ஆகிறது?

ரத்தம் உடம்பை விட்டு வெளியே வந்த பிறகும் அதிலுள்ள அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. அவற்றுக்கும் பசிக்கும். டியூப்பில் உள்ள சர்க்கரையைத் தின்ன ஆரம்பிக்கும்.

சர்க்கரையைக் காக்கும் மருந்து கலக்காத டியூப்பில், தெளிநீரைப் பிரித்தெடுக்காமல் ரத்தத்தைச் சும்மா வைத்திருந்தால், மணிக்கு 100-க்கு 5 முதல் 7 பங்கு வரை சர்க்கரை குறையும். வெயில் ஏற ஏற இது வேகமாக நடக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வெறும் வயிற்றில் 126 இருந்தால் அவரைச் சர்க்கரை நோயாளி என்கிறார்கள். ரத்தம் 3 மணி நேரம் வழியில் கிடந்தால் ரிப்போர்ட்டில் சுமார் 105 என்று வரும். "கொஞ்சம் கூடத்தான் இருக்கு. பாத்துக்கலாம்" என்று அவர் வீட்டுக்குப் போய்விடுவார். நோய் உள்ளே இருந்து சிறுநீரகத்தையும் கண்ணையும் அரித்துக்கொண்டிருக்கும்.

குற்றவாளி யார்? ரத்தம் எடுத்த நர்ஸ் அல்ல. மெஷின் அல்ல. வழியில் போன அந்த 3 மணி நேரம்!

இன்னொரு ஆபத்தும் உண்டு. மேடு பள்ளத்தில் டியூப் பலமாகக் குலுங்கினால் சிவப்பு அணு உடையும். அணுவுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கொட்டும். ரிப்போர்ட்டில் பொட்டாசியம் எக்கச்சக்கமாக ஏறி நிற்கும். சிறுநீரக நோயாளிக்கு இந்த எண் உயிர் விஷயம். இல்லாத ஆபத்துக்கு அலறி அடித்துக்கொண்டு ஓட வேண்டியிருக்கும்.

சரி, நிறைய ஐஸ் போட்டுவிட்டால் போச்சு என்பீர்கள். அதுவும் தப்பு! டியூப்பை ஐஸ் கட்டி மேல் நேராக வைத்தால் ரத்தம் உறைந்து அணு உடையும். குளிர் வேண்டும். உறையக்கூடாது. வழியும் குலுங்கக்கூடாது. நேரமும் கடக்கக்கூடாது. இதெல்லாம் தெரிந்து நடப்பது ஒரு தொழில். அதை எடுபிடி வேலை என்று நினைக்கிறோமே, அங்கேதான் கோளாறு.

கோவில்பட்டியில் தீப்பெட்டி பண்டலை லாரியில் ஏற்றும்போது மழை பட்டுவிடாமல் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டுகிறார்கள். கடலை மிட்டாய் நமுத்துவிடாமல் காற்றுப் புகாத பாக்கெட்டில் போடுகிறார்கள். மலிவான சரக்குக்கு அவ்வளவு கவனம். மனுஷ ரத்தத்துக்கு?

தடுப்பூசிக்குத் தெரிந்த வித்தை

சர்க்காருக்கு இது தெரியாத வித்தை அல்ல. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து கிராமத்துக்குத் தடுப்பூசி போவதைப் பார்த்திருப்பீர்கள். தோளில் தொங்கும் சின்னப் பெட்டி. உள்ளே நாலு பக்கமும் ஐஸ் பை. நடுவில் மருந்துக் குப்பி. குளிர் 2 டிகிரிக்குக் கீழே போகக்கூடாது. 8 டிகிரிக்கு மேலே ஏறக்கூடாது.

ஐஸ் பையை எடுத்தவுடன் பெட்டியில் வைக்கமாட்டார்கள். கொஞ்ச நேரம் வெளியே வைத்து, காதருகே குலுக்கிப் பார்ப்பார்கள். உள்ளே தண்ணீர் சலசலக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் பெட்டிக்குள் போகும். காரணம், சில தடுப்பூசிகள் உறைந்தால் வீணாகிவிடும்.

வாய்வழியே கொடுக்கும் போலியோ மருந்துக் குப்பியில் ஒரு சின்ன அடையாளம் இருக்கும். வட்டத்துக்குள் வெள்ளைச் சதுரம். சூடு பட்டுக்கொண்டே இருந்தால் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். சதுரமும் வட்டமும் ஒரே நிறமானால் அந்தக் குப்பியைத் தூரப் போடவேண்டியதுதான். படிக்காதவருக்கும் புரியும் ஏற்பாடு!

இந்தக் கட்டுப்பாட்டோடு லட்சக்கணக்கான பெட்டிகளை ஊர் ஊராகச் சுமந்தார்கள். இந்தியாவில் கடைசி போலியோ நோயாளி 2011 ஜனவரியில் கண்டுபிடிக்கப்பட்டார். 2014 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் "போலியோ ஒழிந்தது" என்று சான்றிதழ் கொடுத்தது. அந்தச் சான்றிதழில் பெட்டி சுமந்தவர்களுக்கும் பங்கு உண்டு.

காசநோய்க்கும் இதே கதை. நோயாளியின் சளியைச் சோதனைக் கூடத்துக்குக் கொண்டு சேர்க்க 2018-ல் தில்லியில் தபால்காரர்களையே பயன்படுத்திப் பார்த்தார்கள். மணியார்டர் கொண்டு வந்த கையே சளிக் குப்பியையும் கொண்டு போனது! மூன்று அடுக்காகக் கட்டினால் கசியாது. முதலில் குப்பி. அதைச் சுற்றி உறிஞ்சும் பஞ்சு. வெளியே கசியாத இன்னொரு உறை. அதற்கும் வெளியே கெட்டியான பெட்டி. உலகம் முழுக்க இதுதான் முறை.

மனசு வைத்தால் முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நாய்க்குச் சிலை வைத்தார்கள்

2008 செப்டம்பரில் சென்னையில் மூளைச்சாவு அடைந்த மாணவன் ஹிதேந்திரனின் இதயத்தைத் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்குக் கொண்டு போனார்கள். போலீசார் வழிநெடுகப் போக்குவரத்தை நிறுத்தி வைத்தார்கள். 11 நிமிஷத்தில் இதயம் போய்ச் சேர்ந்தது. நாடே பேசியது. உறுப்புதானம் பற்றித் தமிழ்நாட்டில் பெரிய விழிப்பு வந்தது அதற்குப் பிறகுதான்.

1925-ல் அலாஸ்காவின் நோம் என்ற பனி ஊரில் குழந்தைகளுக்குத் தொண்டை அடைப்பான் நோய் பரவியது. மருந்து இருந்த இடமோ ரொம்ப தூரம். ரயில் பாதை முடிந்த இடத்திலிருந்து 674 மைல். விமானம் போக முடியாத குளிர். நாய்கள் இழுக்கும் பனிச்சறுக்கு வண்டியில், 20 வண்டிக்காரர்கள் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றி மாற்றி, அஞ்சரை நாளில் மருந்தைக் கொண்டு சேர்த்தார்கள். கடைசிக் கட்டத்தில் முன்னால் ஓடிய பால்டோ என்ற நாய்க்கு நியூயார்க் நகரத்துப் பூங்காவில் சிலையே வைத்துவிட்டார்கள்!

நாய்க்குச் சிலை வைத்ததைக் குறை சொல்லவில்லை. நம்ம ஊர்த் தம்பிகளுக்குச் சிலை வேண்டாம். ஒரு நல்ல பெட்டி கொடுங்கள், போதும்.

2021-ல் தெலுங்கானாவில் விகாராபாத் பக்கம் ஆளில்லா டிரோனில் மருந்து அனுப்பிப் பார்த்தார்கள். அதே ஆண்டு மணிப்பூரில் லோக்தாக் ஏரித் தீவுக்குத் தடுப்பூசி பறந்தது. நல்ல காரியம். வரட்டும். ஆனால் டிரோன் வந்து இறங்கும் இடத்திலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரை தூக்கிப் போக அப்போதும் ஓர் ஆள் வேண்டும்.

அவர் உயிருக்கு யார் ஜவாப்?

இந்தத் தம்பிகளின் பிழைப்பைப் பாருங்கள். பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. டிரிப்புக்கு இவ்வளவு, டியூப்புக்கு இவ்வளவு என்று கணக்கு. பெட்ரோல் கைக்காசு. லேட்டானால் திட்டு. அதனால் நாற்கர சாலையில் லாரிகளுக்கு நடுவே பறக்கிறார்கள். விழுந்தால்? "அவன் நம்ம ஸ்டாப் இல்லையே" என்று சொல்ல எத்தனை முதலாளிகள் தயாராக இருக்கிறார்கள்!

டியூப் உடைந்து கையில் கீறினால் மஞ்சள் காமாலைக் கிருமி ஏறலாம். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் மூன்று ஊசி. எத்தனை பேருக்குப் போட்டிருக்கிறார்கள்?

செயலி வழியே வேலை செய்யும் தொழிலாளர்களுக்குத் தமிழக அரசு 2023 டிசம்பரில் நல வாரியம் அமைத்தது. பிரியாணி கொண்டு வருகிற தம்பிக்கு அதில் இடம் உண்டு. மகிழ்ச்சி. ஆனால் லேப் முதலாளியிடம் வாய் வார்த்தையில் கூலிக்கு ஓடுகிறவர் எந்தச் செயலியிலும் இல்லை. பிரியாணி ஆறினால் சூடு பண்ணிக்கொள்ளலாம். கெட்ட ரத்தத்தைச் சரி பண்ண முடியுமா?

தம்பிகள் மட்டும் அல்ல, தங்கைகளும் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு வருகிற பெண்களை நினைத்துப் பாருங்கள். வெயிலில் பையைச் சுமந்து தெருத் தெருவாக நடப்பதும் இதே சேவைதான்.

என்ன செய்ய வேண்டும்?

கோடிக்கணக்கில் செலவு ஒன்றும் இல்லை. ஐந்து காரியம் செய்தால் போதும்.

ஒன்று: சாம்பிள் கொண்டு போகிற ஒவ்வொருவருக்கும் குளிர்காக்கும் பெட்டி, உள்ளே ஒரு வெப்பமானி, ஒரு ஜோடி கையுறை. சர்க்கரைக்குரிய மருந்து கலந்த டியூப் ஒவ்வொரு ரத்தம் எடுக்கும் இடத்திலும் இருக்க வேண்டும்.

இரண்டு: ரிப்போர்ட்டில் இரண்டு நேரம் அச்சடிக்க வேண்டும். ரத்தம் எடுத்த நேரம், கூடத்துக்கு வந்து சேர்ந்த நேரம். இடைவெளி கூடிப்போனால் டாக்டர் பார்த்தவுடன் சந்தேகப்படுவார். மறுபடியும் ரத்தம் எடுக்கச் சொல்வார்.

மூன்று: மாவட்ட சுகாதார அதிகாரிகள் இவர்களைக் கூப்பிட்டு ஒரு நாள் பயிற்சி கொடுக்கட்டும். தடுப்பூசிப் பெட்டியைக் கையாளச் சொல்லிக் கொடுத்தவர்களுக்கு இது பெரிய காரியம் அல்ல.

நான்கு: காமாலைத் தடுப்பூசியும் விபத்து இன்சூரன்சும் லேப் முதலாளியின் பொறுப்பு என்று ஆக்க வேண்டும். நல வாரியத்தில் இவர்களையும் சேர்க்க வேண்டும்.

ஐந்து: கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பஸ் நிலையங்களில் சாம்பிள் பெட்டி வைக்க நிழலில் ஓர் இடம். ஒரு ஷெல்ப் போதும். கட்டடம் கட்ட வேண்டாம்.

நாமும் செய்ய வேண்டியது உண்டு

எல்லாவற்றையும் சர்க்கார் தலையில் போட்டுவிட்டு நாம் சும்மா இருக்கக்கூடாது.

ரத்தம் கொடுக்கப் போகும்போது, "பெட்டி எத்தனை மணிக்குக் கிளம்பும்?" என்று கேளுங்கள். பதினோரு மணிக்குக் கிளம்புகிற பெட்டிக்காக ஆறு மணிக்கே ரத்தம் கொடுக்காதீர்கள். "தெளிநீரைப் பிரித்து அனுப்புவீர்களா?" என்று கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம். காசு கொடுப்பது நீங்கள்!

ரிப்போர்ட்டில் எண் தாறுமாறாக இருந்தால் உடனே பயந்து சாக வேண்டாம். அதற்காக அலட்சியமும் கூடாது. டாக்டரிடம் சொல்லி இன்னொரு தடவை பாருங்கள்.

பஸ்ஸில் பெட்டியோடு ஒருவர் ஏறினால், "இதை எங்கே வைக்கப்போறே?" என்று சீறாதீர்கள். கொஞ்சம் நகர்ந்து நிழல் பக்கத்தில் இடம் கொடுங்கள். கடைக்காரர்களே, அவர் வண்டியை ரெண்டு நிமிஷம் வாசலில் நிறுத்தினால் விரட்டாதீர்கள். அந்தப் பெட்டியில் உங்கள் வீட்டுக்காரம்மாவின் ரத்தமே இருக்கலாம்.

கரிசல் காட்டு மக்கள் மழைக்கு ஏங்கிப் பழகியவர்கள். தண்ணீருக்குக் காத்திருந்து பழகியவர்கள். ஆனால் டியூப்பில் இருக்கும் ரத்தம் யாருக்கும் காத்திருக்காது.

மாவட்ட நிர்வாகம் கவனிக்குமா? லேப் முதலாளிகள் மனசு வைப்பார்களா? பொறுத்திருந்து பார்ப்போம் என்று எழுதி முடிக்க நமக்கு மனசு வரவில்லை. உடனே கவனியுங்கள்!