தாஜ் விடுதியின் ஆவி யாருடையது?

மும்பை தாஜ் மகால் விடுதியைப் பற்றி ஒரு பேய்க்கதை நெடுங்காலமாக உலவுகிறது. அதை வடிவமைத்த ஐரோப்பியக் கட்டடக் கலைஞர், பணி நடந்துகொண்டிருக்கையில் இங்கிலாந்து சென்றாராம். திரும்பி வந்தபோது, கடலை நோக்க வேண்டிய முகப்பு நகரை நோக்கி எழும்பியிருந்ததாம். மனமுடைந்து மேல்மாடியிலிருந்து குதித்து உயிர்நீத்தாராம். பழைய கட்டடத்தின் தாழ்வாரங்களில் அவரது ஆவி இன்றும் நடமாடுகிறதாம். இந்த 'ஆம்'களுக்குள் உறையும் அரசியலைப் பற்றியதே இப்பதிவு.

வரலாறு வேறு கதை சொல்கிறது. விடுதியை முதலில் வடிவமைத்தவர்கள் சீதாராம் கண்டேராவ் வைத்யா, டி. என். மிர்சா என்னும் இந்தியர்கள். பணி நிறைவுறுமுன்பே, 1900-இல் வைத்யா காலமானார். எஞ்சியதை முடித்தவர் டபிள்யூ. ஏ. சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர். 1903 டிசம்பரில் விடுதி திறக்கப்பட்டது. 'திசைமாறிய' முகப்பும் பிழையன்று. குதிரை வண்டிகள் நகரின் பக்கமிருந்து வந்தன. வாயிலும் அப்பக்கமே அமைந்தது. இன்று அங்கே நீச்சல்குளம் இருக்கிறது. கடற்பக்கத்தை ஊரின் முகமாக்கிய 'இந்தியாவின் நுழைவாயில்' 1924-இல்தான் திறக்கப்பட்டது. பிற்காலத்தின் பார்வையை முற்காலத்தின் மீது ஏற்றியே 'தலைகீழ்க் கட்டடம்' என்ற கதை நிற்கிறது.

இக்கதை இரண்டு செய்திகளை ஓசையின்றிக் கடத்துகிறது. வரைபடம் வெள்ளையருடையது, பிழை அதை வாசிக்கத் தெரியாத இந்தியத் தொழிலாளருடையது. உண்மையிலேயே பணியின் நடுவே மறைந்த கலைஞர் ஓர் இந்தியர். அவரது மரணத்தைக்கூடக் கதை ஐரோப்பியருக்குத் தாரைவார்த்துவிட்டது. வைத்யாவின் மறைவே இக்கதைக்கு வித்து என்று நிறுவ இயலாது. இது என் வாசிப்பு மட்டுமே. ஆயினும், அவர் பெயர் அறியாதவர்களும் ஆவியின் கதையை அறிந்திருக்கிறார்கள் என்பதை எளிதாகக் கடந்துவிட முடியவில்லை.

'பொழுதுபோக்குக் கதைக்கு இத்தனை ஆராய்ச்சியா?' என நண்பர்கள் கேட்கக்கூடும். கல்வெட்டையும் காப்பக ஆவணத்தையும் நாடாதவர்களுக்கு ஒரு கட்டடத்தின் வரலாறு பெரும்பாலும் இத்தகைய கதைகள் வழியாகவே போய்ச் சேருகிறது. எனவே பேய் உண்டா இல்லையா என்பதோடு நின்றுவிடாமல், அது யாருடைய பேயாகச் சொல்லப்படுகிறது, அதனால் யார் பெயர் மறைகிறது என்றும் நம் மாணவர்கள் கேட்டுப் பழக வேண்டும். தாஜின் கதையை இனி யாரேனும் சொல்லக் கேட்டால், இறுதிவரை கேளுங்கள். பிறகு வைத்யாவின் பெயரையும் ஒருமுறை சொல்லுங்கள்.