கணினித் திரைமுன் பணிபுரிவோரின் கண் நலம் காக்கக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
சுற்றுவட்டாரக் கணினிப் பணியாளர்கள் சங்கத்தினர்,
குயிலாப்பாளையம், வானூர் வட்டம், விழுப்புரம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள், விழுப்புரம்.
உயர்திரு தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அவர்கள், விழுப்புரம்.

பொருள்: கணினித் திரைமுன் பணிபுரிவோர்க்கு இடைவேளை, கண் பரிசோதனை, முறையான இருக்கை வழங்க ஆணையிட வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

ஆரோவில்லின் ஆரோலெக் நிறுவனம் 1980-களிலேயே எங்கள் ஊரையொட்டிக் கணினி தயாரித்தது. இன்று இ-சேவை மையம், டிடிபி கடை, தங்கும் விடுதி என எங்கும் பலருக்குக் கணினியே பிழைப்பு. நாள் முழுதும் திரையைப் பார்ப்போர்க்குக் கண் எரிச்சல், தலைவலி, கழுத்துவலி வருவது மருத்துவம் அறிந்த உண்மை, காரணமும் தெரிந்ததே. சும்மா இருக்கையில் நிமிடத்துக்குச் சராசரியாக 22 முறை இமைப்பவர்கள் திரைமுன் 7 முறையே இமைக்கிறார்கள் என 1993-இல் ஜப்பானிய மருத்துவர்கள் அளந்து காட்டினர். இமைக்காத கண் காய்ந்துபோகிறது. சிறு கடைகளில் நிலைமை இன்னும் மோசம். வாசலைப் பார்த்திருக்கும் திரையில் தெரு வெளிச்சம் அடித்து எழுத்து மங்குகிறது. டேபிள் ஃபேன் காற்று நேராகக் கண்ணில் படுகிறது. பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகு வளைகிறது.

திரையின் கதிர்வீச்சு பற்றிய அச்சம் ஆதாரமற்றது என்று கூறப்படலாம். அதை ஏற்கிறோம். பழைய குழாய்த் திரைகளில் எழுந்த எக்ஸ் கதிரை அவற்றின் கண்ணாடியே தடுத்தது. இன்றைய தட்டைத் திரைகளில் அது உண்டாவதே இல்லை. எங்கள் முறையீடு வேலை வாங்கப்படும் முறையைப் பற்றியது. வேண்டும்போது ஓய்வெடுக்கலாமே என்பாரும் உண்டு. மக்கள் வரிசையில் நிற்க, சர்வர் கிடைத்த நேரத்தில் பட்டா, சாதிச் சான்று விண்ணப்பங்களைப் பதிவேற்றுபவர் எழுந்து போக முடியாது. பக்கக் கணக்கில் கூலி பெறுபவர் எழுந்தால் வருமானம் குறையும். எனவே இடைவேளை உரிமையாக எழுதப்பட வேண்டும். சிறு கடைகள் செலவைத் தாங்காது என்பதும் பொருந்தாது. மேசையைத் திருப்பிப் போடவும், திரையின் மேல் விளிம்பைக் கண்மட்டத்துக்குக் கொண்டுவரவும் காசு தேவையில்லை. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1990-லேயே இடைவேளையையும் கண் பரிசோதனையையும் சட்டமாக்கியது. நம் மாநில அரசும் 2021-இல் கடை ஊழியர்க்கு இருக்கை வசதி தரவேண்டுமெனச் சட்டத்தைத் திருத்தியது. நின்றே உழைப்பவரின் கால்வலியை உணர்ந்த அரசு, உட்கார்ந்தே உழைப்பவரின் கண்வலியையும் உணர வேண்டும்.

ஆகவே, கீழ்க்கண்டவற்றை நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்:

1. ஒரு மணி நேரத் திரைப்பணிக்கு 10 நிமிட இடைவேளை, ஊதியக் குறைப்பின்றி.
2. மாவட்டப் பார்வை இழப்புத் தடுப்புச் சங்கம் மூலம் ஆண்டுதோறும் இலவசக் கண் பரிசோதனை முகாம், தேவைப்படுவோர்க்குக் கண்ணாடி.
3. இருக்கை, வெளிச்சம், திரையின் உயரம் குறித்த அறிவுரையைப் பணியிடங்களில் ஒட்டச் செய்து, ஆய்வின்போது அவற்றையும் சரிபார்த்தல்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்.