வழியில் வளர்ந்த சிறுவர்கள்

விழுப்புரத்திலிருந்து தெற்கே செல்லும் இருப்புப்பாதை, திருப்பாதிரிப்புலியூரையும் சிதம்பரத்தையும் தொட்டுச் செல்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாடகக் குழுக்கள் ஊர்விட்டு ஊர் செல்ல இத்தகைய இருப்புப்பாதைகளே துணைநின்றன. திரைச்சீலைகள், உடைப்பெட்டிகள், இசைக்கருவிகள், சமையல் பாத்திரங்கள் ஆகியவற்றோடு வந்திறங்கிய குழு, கொட்டகையில் சில வாரங்கள் நடிக்கும். வசூல் குறைந்ததும் அடுத்த ஊருக்குப் புறப்படும். அக்கலையின் பெருமையைப் பலரும் எழுதியுள்ளனர். அதைத் தோளில் சுமந்தவர்களுள் பலர் சிறுவர்கள் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றப்படும் சங்கரதாசு சுவாமிகள், 1918ஆம் ஆண்டு மதுரையில் ‘தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபா’வைத் தொடங்கினார். அதில் சேர்ந்தபோது தி. க. சண்முகத்திற்கு வயது ஆறு. அவருக்காகவே சுவாமிகள் ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை ஒரே இரவில் எழுதினார். 1922இல் சுவாமிகள் மறைந்ததும் கடலூரை அடுத்த புதுச்சேரியில், குழுவின் பயணத்தினிடையேதான்.

இக்குழுக்கள் ஒருவகையில் பள்ளிகளே. இசை, தமிழ் உச்சரிப்பு, நினைவாற்றல், ஒழுங்கு ஆகியவற்றை அவை கற்பித்தன. ஆயினும் அவை வேறொன்றைப் பறித்தன. பெற்றோரின் அரவணைப்பும் முறையான கல்வியும் சிறுவர்களுக்குக் கிட்டவில்லை. இரவெல்லாம் நடித்துப் பகலில் பாடம் கேட்டனர். மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால், பாடி நடித்த வேடம் கைநழுவும். அதனோடு பிழைப்பும் ஆட்டங்காணும். எம்.ஜி.ஆர்., சிவாஜி கணேசன் போன்றோர் இக்குழுக்களில் வளர்ந்து புகழ்பெற்றதைச் சுட்டி, இம்முறை நன்மையே செய்தது என்பர் சிலர். வென்றவர் பெயரை வரலாறு அறியும். வழியிலேயே நின்றுபோனவர் பெயரை எவர் அறிவார்?

இன்றும் கடலூர் மாவட்டச் சிற்றூர்களில், திரௌபதி அம்மன் திருவிழாக்களில் விடிய விடியத் தெருக்கூத்து நிகழ்கிறது. விழாக்காலத்தில் கலைஞர்கள் ஊர் ஊராகச் செல்கின்றனர். அவர்தம் பிள்ளைகள் அடவும் பாட்டும் கற்பது தேவையே. அதற்கு விலையாகப் பள்ளியை இழத்தல் கூடாது. ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கட்டாய இலவசக் கல்வியை 2009ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையாக்கியுள்ளது. பெற்றோர் பயணத்தில் இருக்கும் நாள்களிலும் அவ்வுரிமை தடைபடாதிருக்க விடுதிவசதி வேண்டும். கலைஞர்க்கு நிலையான ஊதியமும் வேண்டும். கூத்தைப் போற்றும் சமூகம், கூத்தர் வீட்டுப் பிள்ளையையும் காத்தல் வேண்டும். அதுவே அக்கலைக்குச் செய்யும் உண்மையான சிறப்பு.