வெள்ளை நாயும் வீட்டுப் பூனையும்

“நாய் நன்றியுள்ள பிராணி” என்று ஒன்றாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகளை எழுதச் செய்து வருகிறோம். அவர்களும் பிழையில்லாமல் எழுதி மதிப்பெண் வாங்கிக்கொண்டு போகிறார்கள். ‘மனிதன் நாய்க்கு நன்றியுள்ள பிராணிதானா?’ என்று ஒரு வியாசம் கொடுத்தால் எத்தனை பேர் தேறுவார்களோ, சந்தேகந்தான். பிள்ளைகளைச் சொல்லவில்லை, பெற்றோர்களைத்தான் சொல்லுகிறோம். குட்டியாயிருக்கையில் மடியில் வைத்துக் கொஞ்சுகிறார்கள். வளர்ந்தபின் அதன் பாய்ச்சலைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசுகிறார்கள். பல் விழுந்து, கண் மங்கி, கால் தளர்ந்த பிறகோ, அது வாசலுக்கு வெளியே எங்கேயாவது கிடக்கிறது. அதற்கு என்ன வியாதி என்று கேட்டால், “வயசாகிவிட்டது” என்று பதில் வருகிறது. வயசு ஒரு வியாதியா என்ன?

இந்த வாரம் நாய் பூனைகளின் தேக சௌக்கியத்தைப் பற்றி எழுத உத்தேசித்திருக்கிறோம். நாயைப் பற்றிப் பேசுவதற்கு ராஜபாளையத்தைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. அங்கிருந்து பத்துப் பதினோரு கிலோமீட்டர் தள்ளி, பால்கோவாவுக்குப் பேர்போன ஸ்ரீவில்லிபுத்தூர் இருக்கிறது. பூனையைப் பற்றிப் பேச அந்த ஊர் பொருத்தம் என்பதை வாசகர்கள் ஊகித்திருப்பார்கள்.

ராஜபாளையம் நாயை ஒரு தரம் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பால் போன்ற வெண்மை, இளஞ்சிவப்பு மூக்கு, பொன்னிறக் கண், ஒட்டிய வயிறு, இரண்டரை அடி வரை உயரம். பாளையக்காரர்கள் காலத்தில் இது போர்க்களத்திலும் வேட்டையிலும் பேர் எடுத்ததென்று பெரியவர்கள் சொல்லுவதுண்டு. 2005-ஆம் வருஷம் ஜனவரி 9-ஆம் தேதி நம் தபால் இலாகாவார் நான்கு நாட்டு நாய்களுக்குத் தபால் தலை வெளியிட்டபோது, முதோல், ராம்பூர், இமயமலை நாய்களோடு இதுவும் இடம் பெற்றது. இவ்வளவு கௌரவம் இருந்தும், சைபீரியப் பனியில் வண்டி இழுத்த ஹஸ்கி நாயை வரவழைத்து, சித்திரை மாதத்தில் அதற்காக ஏ.சி. இயந்திரத்தையும் ஓட்டிக்கொண்டிருக்கும் பிரபுக்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். அவர்களுடைய மின்சாரக் கட்டணத்தைப் பற்றி நமக்குக் கவலையில்லை. அந்த நாயைப் பற்றித்தான் கவலை.

ஆனால் நம் ஊர் நாயின் வெண்மையிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. தோலுக்கும் மயிருக்கும் நிறம் தருகின்ற உயிரணுக்கள் உட்செவியிலும் இருக்கின்றன. ஒலியை உணரும் உறுப்பு அங்கே பிழைத்திருப்பதற்கு அவை அவசியம். அவை இல்லாமற் போனால், பிறந்த சில வாரங்களுக்குள் அந்தக் காது செவிடாகிவிடுகிறது. பூனைகளிலும் இப்படித்தான். வெள்ளை மயிரும் நீலக் கண்ணும் சேர்ந்த பூனைகள் செவிடாயிருப்பதை டார்வின் 1859-இல் வெளியிட்ட தமது பிரசித்தமான நூலிலேயே குறிப்பிட்டிருக்கிறார். அமெரிக்காவில் புள்ளிபோட்ட டால்மேஷியன் நாய்களைச் சோதித்ததில், நூற்றுக்குச் சுமார் முப்பது ஒரு காதாவது கேளாதவை என்று தெரிந்தது. ராஜபாளையம் நாய்க்கும் இந்தக் குறை உண்டென்பது வளர்ப்பவர்கள் அறிந்ததே. அழகுக்காக வெண்மையையே பொறுக்கிப் பொறுக்கி இனம் பெருக்கினோம். அதனோடு செவிட்டுத்தனத்தையும் சேர்த்துப் பொறுக்கிவிட்டோம்.

ஆகவே, குட்டி வாங்கப் போகிறவர்கள் மூக்கின் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் காதைப் பார்க்க வேண்டும். குட்டிக்கு ஆறு வாரம் ஆகட்டும். அது தூங்குகையில், அதன் கண்ணுக்குப் படாத இடத்தில் நின்று ஒரு வெண்கலத் தட்டைத் தட்டுங்கள். தரையை உதைக்கக் கூடாது. அதிர்ச்சியை உடம்பால் அறிந்துகொண்டு எழுந்துவிடும். தாயும் மற்றக் குட்டிகளும் பக்கத்தில் இருக்கக் கூடாது. அவை எழுந்தால் இதுவும் எழும். ஒரு காது மாத்திரம் கேளாத குட்டி இந்தப் பரீட்சையில் தேறிவிடும். மூளையில் எழும் மின்னலையைப் பதிவு செய்து பார்க்கும் சோதனை ஒன்றினால்தான் அதைக் கண்டுபிடிக்கலாம். அப்படிப்பட்ட நாய் வீட்டுக்கு உதவும். இனம் பெருக்க உதவாது.

முழுச் செவிட்டுக் குட்டியை என்ன செய்வது? சிலர் வாய் திறவாமல் விற்றுவிடுகிறார்கள். சிலர் அதைப் பேருந்து நிலையத்துப் பக்கம் விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். லாரியின் ஹாரன் கேளாத பிராணி அங்கே எத்தனை நாள் பிழைக்கும்? செவிட்டு நாயும் மற்ற நாயைப் போலவே படிக்கக்கூடியது. வாய்ச்சொல்லுக்குப் பதிலாகக் கைச்சாடை. கூப்பிடுவதற்குப் பதிலாக, இருட்டில் விளக்கை இரண்டு தரம் அணைத்து ஏற்றுதல். தூங்கும்போது பின்னாலிருந்து தொடாமல், அது முகர்ந்தறியும்படி மூக்கின் அருகே கையைக் கொண்டு போக வேண்டும். தெருவில் சங்கிலி இல்லாமல் ஒருபோதும் விடக் கூடாது. அவ்வளவுதான். தீபாவளி வெடிச் சத்தத்தில் கட்டிலுக்கடியில் ஒளியாமல் நிம்மதியாகத் தூங்கும் நாய் ஊரிலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும்!

நிற்க. பங்குனி, சித்திரையில் நாய்க்கு வெயில்தான் பெரிய சத்துரு. நம்மைப் போல் உடம்பெல்லாம் வேர்த்துத் தணிய அதனால் முடியாது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தே சூட்டைத் தணிக்க வேண்டும். ஆரோக்கியமான நாயின் உடற்சூடு 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை. 104-க்கு மேல் போனால் ஆபத்து. தார் ரோட்டில் புறங்கையை வைத்து ஏழு விநாடி பொறுக்க முடியவில்லையானால், நாயை அதில் நடத்தக் கூடாது. வெயிலில் தள்ளாடி விழுந்த நாய்க்கு முதலில் உடம்பெங்கும் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி விசிற வேண்டும். வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவது அதற்கப்புறம். இன்னொன்று: வெள்ளை நாயின் இளஞ்சிவப்பு மூக்கும், வெள்ளைப் பூனையின் காது நுனியும் வெயிலில் வெந்து புண்ணாகி, நாளடைவில் புற்றுநோயாகவும் மாறக்கூடும். ஆறாத சிறு புண்ணை அலட்சியம் செய்யலாகாது.

கோடையில் பெருகும் உண்ணியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நாயின் மேலிருக்கும் உண்ணியைக் கிள்ளி எறிந்துவிட்டால் வேலை முடிந்ததென்று நினைக்கிறோம். பெண் உண்ணி இரத்தம் குடித்துக் கீழே இறங்கி, சுவர்ப் பிளவிலே ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. ஆகவே நாய்க்கு மருந்து போடும் நாளில் சுவருக்கும் சிகிச்சை வேண்டும். ஆகாரம் செல்லாமை, ஜுரம், ஈறு வெளுத்தல், மூக்கில் இரத்தம் இவை கண்டால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். இரத்தப் பரிசோதனை செய்தால் தெரியும். வேளையோடு மருந்து கொடுத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் நாய்க்கென்று விற்கும் உண்ணி மருந்தைப் பூனைமேல் தடவிவிடாதீர்கள். அவற்றுள் பலவற்றில் கலந்துள்ள பெர்மெத்ரின் பூனைக்கு விஷம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் எலியின் மூத்திரம் கலந்த தேக்கநீரால் எலிக் காய்ச்சல் வரும். அதற்குத் தடுப்பூசி உண்டு. மார்கழிக் குளிரில், கொழுப்பில்லாத மெல்லிய தோலுடைய வேட்டை நாய்க்கு ஒரு பழைய கம்பளியும் தரையிலிருந்து உயர்ந்த படுக்கையும் வேண்டும்.

தடுப்பூசி என்றதும், “வீட்டை விட்டு வெளியே போகாத நாய்க்கு எதற்கு?” என்பார்கள். பார்வோ என்னும் வயிற்றுப்போக்குக் கிருமியை 1978-க்கு முன் உலகம் அறியாது; இப்போது அது நம் செருப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே வருகிறது. பினாயிலுக்கு அது லேசில் மசியாது; பிளீச்சிங் பவுடர் கரைசலுக்குத்தான் சாகும். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இதில் மற்றொரு பொறுப்பும் இருக்கிறது. ஊருக்கு மேற்கே மலையடிவாரத்தில் தொடங்குவது, 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம். நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் என்ற நோய் 1994-இல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டி வனத்தில் சுமார் ஆயிரம் சிங்கங்களைக் கொன்றது. 2018-இல் குஜராத்தின் கீர் வனத்தில் சில வாரங்களுக்குள் 23 சிங்கங்கள் மாண்டபோதும் அதே கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. நம் வீட்டு நாய்க்குப் போடும் ஊசி காட்டுப் புலிக்கும் காவல்.

வெறிநாய்க்கடியைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. ஆனால் எழுதாமலும் இருக்கக் கூடாது. பாஸ்டர் 1885-ஆம் வருஷம் ஜூலை 6-ஆம் தேதி ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதல் ஊசி போட்டார். தென்னிந்தியாவில் குன்னூரில் 1907-இல் இதற்கென்றே ஸ்தாபனம் எழும்பியது. இவ்வளவுக்கும் பின், இன்றும் நம் தேசத்தில் மனிதர்கள் இந்த நோயால் சாகிறார்கள். நாய், பூனை இரண்டுக்கும் மூன்றாம் மாதத்தில் ஊசி; பிறகு வைத்தியர் சொல்லும் தவணைப்படி வருஷந்தோறும். கடிபட்டவர் மஞ்சள் சுண்ணாம்பு வைத்துக் கட்டாமல், சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இனிப் பூனை. பூனைக்குப் பால்தான் ஆகாரம் என்பது நம் பாட்டிமார் காலத்து நம்பிக்கை. குட்டிப் பருவம் தாண்டிய பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பால் ஜீரணமாவதில்லை. பால்கோவாவோ, சர்க்கரையும் சேர்ந்து, இரட்டிப்புக் கேடு. கடைவீதிப் பூனைகள் இதை ஒப்புக்கொள்ளாமலிருக்கலாம்! தயிர்ச்சாதத்திலேயே வளரும் பூனைக்கு வேறொரு குறை நேர்கிறது. மாமிசத்தில் மாத்திரமே போதிய அளவு கிடைக்கும் டாரின் என்ற சத்து இல்லாவிடில் அதன் கண் குருடாகும். இருதயமும் வீங்கித் தளரும். இது 1975-லும் 1987-லும் அமெரிக்க ஆராய்ச்சிகளில் ருசுவான விஷயம். நாயோ நம்மோடு சோறு தின்று பழகிய ஜாதி. பூனை பிறவியிலேயே மாமிச பட்சிணி. சைவக் குடும்பத்தார் நம்மீது கோபித்துக்கொள்ள வேண்டாம். வீட்டில் சமைக்க மனமில்லாவிட்டால், அந்தச் சத்துச் சேர்த்துக் கடையில் விற்கும் பூனை உணவை வாங்கிப் போடலாம். அதுவும் கூடாதென்றால், பூனை வளர்க்காமலிருப்பதே பூனைக்குச் செய்யும் உபகாரம்.

பினாயில் போட்டுத் துடைத்த தரையில் நடந்து, பாதத்தை நக்கிக்கொள்வதாலும் பூனைக்கு விஷம் ஏறும். ஜுரமென்று எண்ணி நமக்குக் கொடுக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்தாலோ, அரை மாத்திரையே அதைக் கொல்லப் போதுமானதாகலாம். ஆண் பூனை மூத்திரத்துக்கு உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருந்தால், மறுநாள் பார்க்கலாமென்று இருக்கக் கூடாது. அடைப்பு முற்றினால் இரண்டொரு நாளில் உயிர் போய்விடும்.

முதுமைக்கு வருவோம். நாயின் ஒரு வருஷம் மனிதனுக்கு ஏழு வருஷம் என்று பலரும் கணக்குச் சொல்லுவார்கள். கணக்குப் பாடத்தில் இதற்கு மார்க் போட முடியாது. 2020-இல் லாப்ரடார் நாய்களின் மரபணுக்களை ஆராய்ந்து வெளியிட்ட கணக்கின்படி, ஒரு வயது நாய் முப்பத்தொரு வயது மனிதனுக்குச் சமானம். பன்னிரண்டு வயது நாய் எழுபதைத் தாண்டியவர். அதாவது, விரைவாக வளர்ந்துவிட்டுப் பிறகு மெதுவாக மூப்படைகிறது. எட்டு வயதுக்கு மேல் நாயையும், பத்துக்கு மேல் பூனையையும் வருஷத்தில் இரண்டு தரம் மிருக வைத்தியரிடம் காட்டி, இரத்தமும் சிறுநீரும் சோதிக்கச் செய்வது நல்லது. அறுவை சிகிச்சை வேண்டியிருந்தால், இது வேட்டை நாய் இனமென்பதை மயக்க மருந்து கொடுக்குமுன் சொல்லிவிடுங்கள். இவ்வகை ஒல்லி நாய்களுக்குச் சில மருந்துகளின் மயக்கம் லேசில் தெளியாது.

வீட்டில் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. மாதம் ஒரு தரம் பூனையைத் தூக்கிக்கொண்டு எடைக் கருவியில் நில்லுங்கள். பிறகு வெறுங்கையோடு நில்லுங்கள். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். இந்த வேலையைப் பிள்ளைகளிடமே விடலாம். நாலு கிலோப் பூனை நானூறு கிராம் குறைந்தால், அறுபது கிலோ மனிதர் ஆறு கிலோ இளைத்ததற்குச் சமம். தண்ணீர் அதிகம் குடிக்கிறதா, மணல் தட்டு அதிகம் நனைகிறதா என்பதையும் குறித்து வையுங்கள். கிழப்பூனைகளைக் கொண்டுபோவதில் மூத்திரக்காய் நோய்க்கு முக்கிய பங்கு உண்டு. ஆரம்பத்தில் தெரிந்தால் ஆகாரத்தை மாற்றியே வருஷக்கணக்கில் காப்பாற்றலாம்.

கிழ நாய் படியேறத் தயங்கினால் அது சோம்பலல்ல, மூட்டு வலி. வழுக்கும் மொசைக் தரையில் ஒரு சாக்கு விரித்தாலே பாதிக் கஷ்டம் தீரும். வாய் நாறினால் பல்லைப் பார்க்க வேண்டும். நள்ளிரவில் சுவரைப் பார்த்துக் குரைத்தால் அடிக்காதீர்கள். மனிதர்களைப் போலவே அவற்றுக்கும் வயோதிகத்தில் புத்தி தடுமாறுவதுண்டு. ராத்திரி விளக்கு ஒன்று எரியட்டும். வைத்தியராலும் தீர்க்க முடியாத வேதனை வந்துவிட்டால், அமைதியாகத் தூங்கச் செய்யும் ஊசி இருக்கிறது. அதற்குச் சம்மதிப்பதா என்பது அவரவர் மனச்சாட்சியைப் பொறுத்தது. சம்மதித்தால், அந்தச் சமயத்தில் வெளியே போய் நிற்காமல், அதன் தலையில் கையை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே இருங்கள்.

பிறவியில் நன்றாகக் கேட்ட நாய்களுக்கும் பத்துப் பன்னிரண்டு வயதில் காது மந்தமாகிவிடுகிறது. கூப்பிட்டால் வருவதில்லை, திமிர் என்று வைகிறார்கள். ஆகையால் எந்த நாயானாலும், குட்டியிலேயே ‘வா’, ‘உட்கார்’, ‘நில்’ என்ற மூன்று சொல்லுக்கும் கைச்சாடையையும் சேர்த்துக் கற்றுக் கொடுங்கள். ஒரு வாரத்தில் படிந்துவிடும். காது போன பிறகும் கண் உள்ளவரை உதவும்.