சாம்பல் கோடும் நீலக் கோடும்

தோழனே!

"வேலை எந்த மட்டில் இருக்கிறது?" என்று கேட்கிறோம். "முக்கால் பங்கு முடிந்துவிட்டது!" என்று பதில் வருகிறது. மனம் மகிழ்கிறோம். மறுமாதம் கேட்கிறோம்; "முக்கால் பங்கு முடிந்துவிட்டது!" என்கிறார்கள். மூன்றாம் மாதமும் அதே முக்கால்! முக்காலும் முக்காலாகவே நிற்கிறது. அந்தக் கால் பங்கோ, கால் இல்லாததுபோல் நகர மறுக்கிறது. ஊர்தோறும் நீ கேட்டிருப்பாய் இந்தப் பதிலை. நீயே சொல்லியும் இருப்பாய். நானும் சொல்லியிருக்கிறேன், கோபப்படாதே.

நாடகம் போடுபவன் நான். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மாநாட்டு இரவுக்கென்று தர்பார் காட்சி எழுதினேன். திரை தீட்ட ஒப்புக்கொண்ட ஓவியரிடம் ஆள் அனுப்பிக் கேட்டபோதெல்லாம், "முக்கால் பாகம் ஆகிவிட்டது" என்றே செய்தி வந்தது. மாநாட்டு மாலையில் திரையை விரித்தோம். விரிந்தது வானம்! நீல வானம், நெடிய வானம், நேர்த்தியான வானம்! அதன் அடியிலே, அரண்மனைக்குத் தூண்கள் இரண்டு, கூரை இல்லை, அரியணை இருந்தது, சாய்மானம் இல்லை. ஓவியர்மீது பாய்ந்தேன். அவரோ அமைதியாகச் சொன்னார், "நான் பொய் சொல்லவில்லையே ஐயா! துணியிலே முக்கால் பாகம் வானந்தானே. அதை முதல் நாளே முடித்துவிட்டேன்" என்று.

பதில் சொல்ல வாய் வரவில்லை எனக்கு. துணியின் பரப்பைக் கணக்கிட்டால் அவர் சொன்னது மெய். நாடகத்தின் தேவையைக் கணக்கிட்டால் அது பொய். மன்னர் அன்றிரவு நின்றுகொண்டே நீதி வழங்கினார்!

இந்த நினைவை இப்போது கிளறிவிட்டவர் பொறியாளர் நண்பர் ஒருவர். பாலங்கள் கட்டும் பணியிலே இருப்பவர். அவருடைய கணிப்பொறித் திரையில் ஒரு படம் காட்டினார். ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பட்டைக் கோடுகள், ஒன்றின்கீழ் ஒன்றாக. சாம்பல் நிறக் கோடு, 'இன்ன நாளில் தொடங்கி இன்ன நாளில் முடிப்போம்' என்று முதலில் சொன்ன வாக்கு. நீலக் கோடு, உள்ளபடி நடந்துகொண்டிருக்கும் வேலை. எந்த வேலை பிந்தினால் மொத்தத் திட்டமும் பிந்துமோ, அந்த வேலைக்கு நீலம் போய்ச் சிவப்பு. 'மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட்' என்னும் மென்பொருள் அது. 'பிரைமவெரா' என்று மற்றொன்றும் உண்டாம், பெருங்கட்டுமானங்களிலே பயில்வது. சாம்பல் கோடு ஓரிடத்தில் முடிகிறது. நீலக் கோடு அதைத் தாண்டி நீள்கிறது. அந்த இடைவெளிதான் தாமதம்.

கல்லூரிப் படிப்பை நடுவிலே விட்டவன் நான். என் கதைக்கும் அப்படி ஒரு படம் போட்டால், சாம்பல் கோடு பட்டமளிப்பு விழா வரையிலே நீண்டு கிடக்கும். நீலக் கோடு இரண்டாம் ஆண்டிலேயே நின்றுவிட்டிருக்கும்! நிற்க.

இந்தக் கோடுகளுக்கு வயது நூறுக்கும் மேல். ஹென்றி கான்ட் என்னும் அமெரிக்கப் பொறியாளர், 1919ஆம் ஆண்டிலே மறைந்தவர், முதல் உலகப் போரின்போது ஆயுதச் சாலைகளிலும் கப்பல் கட்டும் பணிகளிலும் இத்தகைய படங்களைப் புகுத்தினார். போலந்துப் பொறியாளர் கரோல் ஆடமியெட்ஸ்கி இதுபோன்ற முறையொன்றை அவருக்கும் முன்னரே வகுத்திருந்தார் எனினும், பெயர் நிலைத்தது கான்ட்டுக்கே. அவர் முறையைக் கேள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். அந்தக் கட்டத்தின் முழு அகலம், அன்று செய்து முடிப்பதாகச் சொன்ன வேலை. உள்ளபடி செய்த அளவுக்கு மட்டும் அதற்குள்ளே மெல்லிய கோடு இழுக்க வேண்டும். அதுவரை சேர்ந்த மொத்த வேலைக்குத் தடித்த கோடு. இன்றைய தேதிக்கு மேலே ஓர் அடையாளம். தடித்த கோடு அந்த அடையாளத்தை எட்டவில்லையென்றால் எத்தனை நாள் பின்தங்கினோம் என்பதை எழுத்தறியாதவனும் விரலால் அளந்து சொல்லலாம். முதலாளி நாட்டிலே பிறந்த இந்தப் படம் சோவியத் நாட்டின் முதல் ஐந்தாண்டுத் திட்டத்துக்கும் போய்ச் சேர்ந்தது. சொன்ன நாளும் நடந்த நாளும் வேறு வேறாக இருக்கும் நோய் இரு முகாமுக்கும் பொது அல்லவா!

"அருமையான கருவி ஆயிற்றே! இனித் தாமதத்தை மறைக்க முடியாதே!" என்றேன் நண்பரிடம். அவர் சிரித்தார். சிரித்துவிட்டு அந்தச் சாம்பல் கோடுகளைத் திரையிலிருந்து நீக்கிக் காட்டினார். பின்பு ஒரு வேலையின் தேதியை மூன்று மாதம் தள்ளிவைத்தார். அதைச் சார்ந்த வேலைகளெல்லாம் தாமாகவே மூன்று மாதம் நகர்ந்துகொண்டன. தாமதம் என்ற சுவடே திரையில் இல்லை! முதல் திட்டத்தைப் 'பேஸ்லைன்' என்று பதிவு செய்து வைத்தால்தான் சாம்பல் கோடு உண்டு. பதிவு செய்யாவிட்டால், தேதியை மாற்றியதும் பழைய தேதியை அந்த மென்பொருள் மறந்துபோகிறது. பதிவு செய்தாலும், அதன்மேலேயே புதிய திட்டத்தைப் பதிந்துவிடலாம். பழைய வாக்குகளைக் காப்பாற்றி வைக்கத்தான் 11 பேஸ்லைன்களுக்கு அதிலே இடம் வைத்திருக்கிறார்கள். ஆனால், காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணத்தை எந்த மென்பொருள் தரும்?

இன்னொரு வித்தையும் காட்டினார். ஒரு தேதியைக் கொடுத்து, 'இதுவரை எல்லாம் திட்டப்படியே நடந்ததாகக் குறி' என்று ஆணையிட்டால், ஒரே நொடியில் அத்தனை வேலைக்கும் அந்த நாள் வரைக்குமான விழுக்காடு ஏறிவிடுகிறது. நாள் கடந்தது, ஆகவே வேலையும் நடந்தது! எப்படி இருக்கிறது தர்க்கம்? உண்மையிலேயே எல்லாம் திட்டப்படி நடந்திருக்கும்போது, எழுத்தரின் கைவலியைக் குறைப்பதற்காக வைத்த வசதி அது. களத்துக்குப் போகாமலே அறிக்கை எழுதுகிறவர் கையிலே அது என்ன ஆகும் என்பதை உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஜெர்மனி என்றதும் என்ன தோன்றும் நமக்கு? ஒழுங்கு! கண்டிப்பு! கடிகாரத்தைப் பார்த்து நடக்கும் நாடு! அந்த நாட்டின் தலைநகருக்கு ஒரு புதிய விமான நிலையம், பெர்லின் பிராண்டன்பர்க். 2006 செப்டம்பரிலே கட்டத் தொடங்கினார்கள். 2011 அக்டோபரிலே திறப்பு என்றார்கள். பிறகு, 2012 ஜூன் 3 என்றார்கள். அந்த நாளை நம்பி அழைப்பு விடுத்தாயிற்று. பழைய நிலையத்திலிருந்து ஓர் இரவுக்குள் இடம்பெயர ஏற்பாடும் ஆயிற்று. நான்கு வாரம்கூட இல்லை, மே 8 அன்று அறிவித்தார்கள், 'திறப்பு இல்லை' என்று!

காரணம்? தீப்பிடித்தால் புகையை வெளியேற்றும் அமைப்பு சரிவர இயங்கவில்லை. புகை மேலே எழும். இது அடுப்பூதும் நம் தாய்மார்கள் அறிந்த இயல்பு. அங்கே, கூரையின் அழகு கெடக் கூடாது என்று, புகையைக் கீழே இழுத்துத் தரைக்கடியில் கொண்டுபோக வகை செய்திருந்தார்கள். கதவுகள், காற்றிழுக்கும் பொறிகள், எச்சரிக்கை மணிகள் எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வேண்டிய சிக்கலான அமைப்பு, பேசிக்கொள்ளவில்லை. நேரத்துக்குள் முடிக்க, கதவுகளருகே ஆட்களை நிறுத்தி வைத்துக் கையாலே திறக்கச் செய்யலாமா என்றுகூட யோசித்தார்கள். கட்டிடம் நின்றது, கண்ணாடி மின்னியது, ஓடுபாதை நீண்டது. பார்த்தவன் எவனும் 'முக்கால் என்ன, முழுவதுமே முடிந்தது' என்றுதான் சொல்லியிருப்பான். வானம் தீட்டியாகிவிட்டது, அரியணைக்குச் சாய்மானம் இல்லை!

அதன் பிறகு நடந்ததுதான் நாம் ஊன்றிப் பார்க்க வேண்டியது. 2013 மார்ச் 17 என்று புது நாள் குறித்தார்கள், தவறியது. 2013 அக்டோபர் 27 என்றார்கள்; அதுவும் தவறியது. பிறகு நாள் குறிப்பதையே நிறுத்திவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் புதிய நாளையே பேஸ்லைனாக்கி, பழையதை அழித்து எழுதியிருந்தால், ஒவ்வொரு அறிவிப்பின் மறுநாளும் அந்த நிலையம் 'தாமதம் ஏதுமின்றி' நடந்த ஒன்றாகவே ஏட்டில் இருந்திருக்கும்! கோபத்திலே திட்ட வல்லுநர் குழுவை வெளியேற்றினார்கள். எங்கே எது இருக்கிறது என்று அறிந்தவர்களும் அவர்களோடு வெளியேறினார்கள். பயணிகளே இல்லாத நிலத்தடி ரயில் நிலையத்திலே காற்றோட்டத்துக்காக வெறும் ரயில் ஓடிற்று. பார்க்க ஆளின்றி எரிந்துகொண்டிருந்த தகவல் திரைகள் 750, விமானம் ஒன்றையும் அறிவிக்காமலே ஆயுள் முடிந்து, 2018இல் மாற்றப்பட வேண்டியவையாயின. நிர்வாகத்தைக் கண்காணிக்கும் மன்றத்துக்குத் தலைமை வகித்தவர் யாரோ அல்லர். பெர்லின் மேயர் கிளாவ்ஸ் வோவரைட். அறிக்கைகள் அவர் மேசைக்கு வராமலா இருந்திருக்கும்? 2020 அக்டோபர் 31ஆம் நாள் ஒருவழியாகத் திறந்தார்கள். உலகமே கொள்ளை நோயால் கதவடைத்துக் கிடந்த ஆண்டு அது!

"செலவுக் கணக்கைப் பார்த்தாலே தெரிந்துவிடுமே" என்பாய். தெரியாது, தோழனே! பத்து மாதத்தில் 10 லட்சம் ரூபாய்க்குப் படிப்பகம் ஒன்று கட்ட முனைகிறாய் என்று வைத்துக்கொள். ஐந்து மாதம் ஆயிற்று. பொருளாளர் எழுந்து, "இதுவரை செலவிடத் திட்டமிட்டது 5 லட்சம்; செலவானதும் 5 லட்சம்!" என்கிறார். கைதட்டுகிறோம். எழுந்து போய்ச் சுவரைப் பார்த்தாலோ, 3 லட்சம் பெறுமான வேலைதான் நடந்திருக்கிறது. ஆகத் திட்டத்துக்கு 2 லட்சம் பின்னே. செலவிலே 2 லட்சம் மேலே! இதே நடை நீடித்தால், படிப்பகம் முடிய ஏறத்தாழ 17 மாதமும் 17 லட்சமும் ஆகும். திட்டமிட்டது, செலவானது என்ற இரண்டு எண்கள் போதா. 'உள்ளபடி விளைந்தது' என்ற மூன்றாவது எண் வேண்டும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1967இலேயே தன் ஒப்பந்தக்காரர்களுக்கு இதை விதியாக்கியது.

அந்த மூன்றாவது எண்ணிலும் ஒரு பொந்து உண்டு. விளைந்ததைத் திட்டமிட்டதால் வகுத்தால், ஐந்தாம் மாதத்தில் 0.6 வரும், பின்தங்கியது தெரியும். 17ஆம் மாதத்தில் கட்டி முடித்த பிறகு வகுத்துப் பார். விளைந்தது 10, திட்டமிட்டது 10, விடை 1! குறையே இல்லை! ஒன்பது ஆண்டு பிந்திய பெர்லின் நிலையத்துக்கும் இந்தக் கணக்கு முடிவிலே 1 என்றுதான் சான்று தரும். இதனால்தான் வால்ட் லிப்கே என்பவர் 2003இல், தாமதத்தைப் பணத்தால் அளக்காதீர், நாளாலேயே அளப்பீர் என்று வேறு முறை வகுத்துத் தந்தார்.

நம் நாட்டுக்கு வருவோம். 2018 டிசம்பரில் மதுரை எய்ம்ஸ் மருத்துவமனைக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது: 1264 கோடி ரூபாய், 45 மாதம். 2019 ஜனவரி 27 அன்று அடிக்கல் நாட்டினார் பிரதமர். 45 மாதம் 2022இலே முடிந்தது. அந்த ஆண்டு முதல் அணி மாணவர் 50 பேர் பாடம் கேட்க அமர்ந்தது எங்கே? இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியிலே, விருந்தாளிகளாக! கேட்டிருக்கிறோம் நாம், மேடைதோறும் கேட்டிருக்கிறோம். கேட்டது முறை. சாம்பல் கோட்டைக் கையில் வைத்திருந்ததால்தான் கேட்க முடிந்தது. "திருத்திய கால அட்டவணைப்படி பணிகள் நடைபெறுகின்றன" என்று எவரேனும் சொல்லும்போது, திருத்தாத அட்டவணை எங்கே என்று கேட்பதுதான் எதிர்க்கேள்வி. மாறுவது குற்றமன்று. மழை வரும், மணல் தட்டும், மண்ணுக்கடியிலே பாறை இருக்கும். மாறிய நாளையும் மாறிய காரணத்தையும் பழைய நாளின் பக்கத்திலேயே எழுதி வைத்தால் மாற்றம். பழையதை அழித்துவிட்டு எழுதினால் மறைப்பு.

இதை நான் எதிர் வரிசைக்கு மட்டும் சொல்லவில்லை. நம்மவரே கோட்டையிலே அமர்ந்தாலும், நம் ஊராட்சித் தலைவர் தெருவிளக்குப் போடுவதானாலும், இதே கோடுகளை நீட்டி அளக்கும் துணிவு உனக்கு இல்லையென்றால், மேடையிலே மதுரையைப் பற்றிப் பேசாதே.

ஒன்று சொல்கிறேன்; சொல்லக் கூசுகிறது. ஒரு தேர்தலிலே, நான் பேசிய ஊர் ஒன்றில், வாக்காளர் பட்டியல் சரிபார்ப்பு '90 விழுக்காடு' என்று பகுதியிலிருந்து அறிக்கை வந்தது. கடைசித் தேதி கடந்ததும் 'முடிந்தது' என்று மாற்றி எழுதப்பட்டது. யாரும் பொய்யர் அல்லர், உழைத்த பிள்ளைகள்தான். தெரு வீடுகள் 90 விழுக்காடு. போனால் கதவு திறக்கும், பெயர் கேட்டால் சொல்வார்கள். மிச்சம் 10 விழுக்காடு யார்? விடியுமுன் சித்தாள் வேலைக்குப் போய் இருட்டியபின் திரும்புகிறவர்கள், வாடகை ஏறியதால் வீடு மாறியவர்கள், வாய்க்கால் கரைக் குடிசைக்காரர்கள். வாக்குப்பதிவு நாளன்று, நம் கூட்டம் ஒன்று விடாமல் முதல் வரிசையிலே உட்காரும் மூதாட்டி ஒருவர், சாவடியிலிருந்து திரும்பி வந்தார். பட்டியலிலே பெயர் இல்லை. "பேரு இல்லையாமே தம்பி... நான் செத்துட்டேனா?" என்று கேட்டார் என்னை.

தர்பார் காட்சி கெட்டால் ஓர் இரவோடு போயிற்று. அந்த அம்மையாருக்கு ஐந்தாண்டுக்கு ஒரு நாள்!

ஆகவே, கணிப்பொறி இல்லையே என்று ஏங்காதே. கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். இடப்பக்கம் முதலில் சொன்ன நாள். வலப்பக்கம் நடந்த நாள். 'எத்தனை விழுக்காடு' என்று எழுதாதே. எந்தத் தெரு, எந்த வீடு, யார் மிச்சம் என்று எழுது. எளிய வீடுகளை முதலில் முடித்துவிட்டு மார்தட்டாதே. வாய்க்கால் கரையிலிருந்து தொடங்கு. வரும் ஞாயிறு வட்டக் கூட்டம் இருக்கிறது. நம் வட்டக் குறிப்பேட்டிலே சென்ற ஆண்டு குறித்த நாட்களெல்லாம் பென்சிலால் எழுதப்பட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். வரும்போது மைப்பேனா ஒன்று கொண்டு வா. அழிப்பானை வீட்டிலேயே வைத்துவிட்டு வா.