'சுழல் 2'ல் எட்டுப் பெண்கள்... பொள்ளாச்சி வழக்கிலும் எட்டுப் பெண்கள்: நிஜமான சஸ்பென்ஸ் எங்கே இருந்தது?

2025 பிப்ரவரி 28-ம் தேதி அமேசான் பிரைமில் 'சுழல்' வெப் சீரிஸின் இரண்டாவது சீசன் வந்தது. புஷ்கர் - காயத்ரி எழுத்து, பிரம்மாவும் சர்ஜுனும் இயக்கம். அஷ்டகாளி திருவிழா நடக்கும் ஊரில் ஒரு மூத்த வழக்கறிஞர் கொல்லப்படுகிறார். 'நான்தான் கொன்றேன்' என்று ஒருவர் அல்ல, எட்டு இளம்பெண்கள் சொல்கிறார்கள். யார் சொல்வது உண்மை? இவர்களுக்குள் என்ன தொடர்பு? இந்தக் கேள்விதான் எட்டு எபிசோடையும் இழுத்துட்டுப் போகுது. (பயப்படாதீங்க, கிளைமாக்ஸை இங்கே சொல்லப்போவதில்லை.)

அந்த சீரிஸ் வந்து இரண்டரை மாதம்கூட ஆகவில்லை. மே 13-ம் தேதி கோவை மகளிர் நீதிமன்றத்தில் நீதிபதி நந்தினி தேவி பொள்ளாச்சி பாலியல் வழக்கில் தீர்ப்பு சொன்னார். குற்றம்சாட்டப்பட்ட ஒன்பது பேருக்கும் சாகும் வரை ஆயுள் தண்டனை. பாதிக்கப்பட்ட பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடு.

அந்த வழக்கில் சாட்சி சொன்ன பாதிக்கப்பட்ட பெண்களும் எட்டுப் பேர்தான்.

எண்ணிக்கை ஒன்றாக இருப்பது தற்செயல். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், 'பெண்கள் ஒற்றுமை' என்று நாம ஈஸியா சொல்லிட்டுப் போற விஷயத்துக்கு நிஜத்தில் என்ன விலை என்பது புரியும்.

திரையில் ட்விஸ்ட், கோர்ட்டில் பொறுமை

த்ரில்லர் கதையில் பெண்கள் ஒன்றுசேர்வது ஒரு ட்விஸ்ட். ஒரு காட்சி, பின்னணி இசை, நமக்குப் புல்லரிக்கும். நிஜ வழக்கில் சஸ்பென்ஸ் வேறு. குற்றவாளி யார் என்பதில் பெரிய மர்மம் இல்லை. 'சாட்சி கடைசி வரை நிற்பாரா?' என்பதுதான் கேள்வி.

நம்ம ஊரில் இப்படிப்பட்ட வழக்குகள் சரிவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். புகார் கொடுத்த பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகும். சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்து, 'நமக்கு எதுக்குங்க இந்த வம்பு' என்பார்கள். யாரோ பணம் பேசுவார்கள், யாரோ மிரட்டுவார்கள். கடைசியில் கோர்ட்டில் 'எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை' என்று சொல்ல வைத்துவிடுவார்கள். சட்டத்தின் மொழியில் இதற்குப் பெயர் பிறழ்சாட்சி.

பொள்ளாச்சி வழக்கில் அது நடக்கவில்லை. 2019 பிப்ரவரியில் ஒரு கல்லூரி மாணவி கொடுத்த புகாரில் தொடங்கியது. உள்ளூர் போலீஸ், சிபிசிஐடி, சிபிஐ என்று விசாரணை கை மாறியது. தீர்ப்பு வர ஆறு வருஷத்துக்கும் மேல் ஆனது. அத்தனை வருஷத்திலும் சாட்சிகளில் ஒருவர்கூட பிறழவில்லை என்று சிபிஐ தரப்பு வழக்கறிஞர் தீர்ப்பு நாளில் சொன்னார். எலெக்ட்ரானிக் ஆதாரங்கள் வலுவாக இருந்தன, உண்மைதான். ஆனால் அந்த ஆதாரத்துக்கு உயிர் கொடுத்தது, 'இது எனக்கு நடந்தது' என்று சொன்ன எட்டுக் குரல்கள்.

இந்த எட்டுப் பேரும் கைகோத்து நின்ற ஒரு போட்டோ கிடையாது. பெயர் நமக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. ஒருவர் சொன்னதை இன்னொருவரின் சாட்சியம் தாங்கிப் பிடித்தது. என்னைக் கேட்டால், இந்த மண்ணில் சமீபத்தில் நடந்த மிகப் பெரிய பெண்கள் ஒற்றுமை இதுதான். கேமராவே இல்லாமல் நடந்தது.

அவர்களை நிற்க விட்டோமா?

இங்கேதான் கொஞ்சம் கசப்பான பகுதி. அந்தப் பெண்களின் தைரியத்தைப் பாராட்டுகிற நாம், ஆரம்பத்தில் என்ன செய்தோம்?

புகார் கொடுத்த மாணவியின் சகோதரர் தாக்கப்பட்டார். அந்தப் பெண்ணின் அடையாளம் அரசாணையிலேயே வெளியானது. அதற்காக 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரும்படி அரசுக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2019 மார்ச்சில் அந்த வீடியோவின் துணுக்குகள் தமிழ்நாடு முழுக்க வாட்ஸ்அப்பில் சுற்றின. 'அநியாயம், எல்லாரும் பாருங்க' என்று கோபத்தோடு ஃபார்வர்ட் செய்தவர்கள்தான் அதிகம். எந்த வீடியோவைக் காட்டி அந்தப் பெண்களை மிரட்டினார்களோ, அதையே நியாயம் கேட்கிற பேரில் நாமும் பரப்பினோம்.

புகாரை வெளியே சொல்ல யோசித்துக்கொண்டிருந்த இன்னொரு பெண் இதையெல்லாம் பார்த்து என்ன முடிவுக்கு வந்திருப்பார்? அந்தச் சூழ்நிலையைத் தாண்டியும் எட்டுப் பேர் வந்தார்கள் என்பதுதான் ஆச்சரியம்.

அப்போது 'என்கவுன்ட்டர் பண்ணுங்க' என்றும் குரல் கேட்டது. அதைச் செய்திருந்தால் எட்டுப் பெண்களின் சாட்சியம் எந்தப் பதிவிலும் ஏறியிருக்காது. இன்று தீர்ப்பில் அது இருக்கிறது.

போன் கையில் இருக்கிற நமக்கு

ஒற்றுமை என்றால் தெருவில் இறங்கிக் கோஷம் போடுவது மட்டும் இல்லை. காந்திபுரத்தில் லேடீஸ் ஹாஸ்டலில் தங்கி சரவணம்பட்டி பக்கம் வேலைக்குப் போகிற பெண்கள், லேட் ஷிஃப்ட் முடிந்தால் லைவ் லொகேஷன் அனுப்பிக்கொள்கிறார்களே, அதுவும் ஒற்றுமைதான். அதே அக்கறை புகாருக்குப் பிறகும் தொடரணும். சில விஷயங்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்:

- பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளத்தை வெளியிட்டால், பாரதிய நியாய சன்ஹிதா 72-வது பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை. பெயர் போடாமல் ஊர், காலேஜ், அப்பா வேலை என்று 'க்ளூ' கொடுத்தாலும் ஆபத்துதான்.
- பாலியல் காட்சி உள்ள வீடியோவை ஃபார்வர்ட் செய்வது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67ஏ-படி குற்றம். முதல் முறைக்கே ஐந்து ஆண்டு வரை சிறை. 'விழிப்புணர்வுக்காக அனுப்பினேன்' என்பது சால்ஜாப்பு.
- யாராவது வீடியோவை வைத்து மிரட்டினால் பணமும் கொடுக்க வேண்டாம், சாட்டை டெலீட்டும் பண்ண வேண்டாம். அதுதான் ஆதாரம். சைபர் க்ரைம் எண் 1930, பெண்கள் உதவி எண் 181.
- பாலியல் வன்கொடுமை வழக்கின் விசாரணை மூடிய அறையில்தான் நடக்கும். சாட்சிகளுக்குப் பாதுகாப்புத் திட்டம் ஒவ்வொரு மாநிலத்திலும் இருக்கணும் என்று 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமும் சொல்கிறது. அது ஸ்டேஷன் அளவில் நிஜமாகக் கிடைக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்பது நம்ம வேலை.

'சுழல் 2' நல்ல பொழுதுபோக்கு, கட்டாயம் பாருங்க. ஒரே நைட்டில் எட்டு எபிசோடையும் முடித்துவிடலாம். ஆனால் உங்களுக்குத் தெரிந்த ஒரு பெண் நாளைக்கு ஒரு புகார் கொடுத்தால், அது முடிய ஆறு வருஷம் ஆகலாம். முதல் வாரம் ஸ்டேட்டஸ் வைக்க ஆள் இருக்கும். ஐந்தாவது வருஷம் வாய்தாவுக்குக் கூடப் போக ஒரு ஆள் வேண்டும். அது நீங்களாக இருங்க.